மஞ்சள் பல்பு

அறைக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை, கூரையில் தொங்கிய மஞ்சள் பல்பை அணைத்ததுதான். ஓவியத்தைப் படமெடுக்கையில் இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் கேமராவுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, இருபுறமும் என் வெள்ளை விளக்குகளை நிறுத்தினேன். இந்த அறையிலேயே வரைந்து, போன வருடம் இறந்துபோன ஓவியரின் படங்கள் புத்தகமாக வருகின்றன. நிறம் இம்மியும் பிசகக் கூடாது என்பது பதிப்பாளரின் கட்டளை. மேலட்டைக்கு, ஓவியர் தன் மனைவியை வரைந்த படம்.

அந்த மனைவியையே ஒரு சாம்பல் நிற அட்டையைப் படத்தருகே பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"இது எதுக்கு தம்பி?"

"எது வெள்ளைன்னு கேமராவுக்குத் தானாத் தெரியாதும்மா. இதைக் காட்டினா புரிஞ்சுக்கும்."

எடுத்ததை லேப்டாப்பில் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஓவியத்தின் வெள்ளைச் சட்டை, நீலம் அதிகமாகிப்போன சலவை மாதிரி இருந்தது. முகமும் அப்படித்தான்.

"சீக்காளி மாதிரில்ல இருக்கேன்! தினமும் பாக்கிற படம் தம்பி, தங்கமாட்டம் இருப்பேன். இதுவா புத்தகத்துல வரப்போகுது?"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அட்டையோடு அவர் விரல்களும் படத்தில் விழுந்திருந்தன. "உங்க விரலைப் பாருங்க, சரியான நிறத்துலதானே இருக்கு?" என்றேன். இருந்தது. ஓவியர் அந்தப் பல்பின் கீழேயே வண்ணம் குழைத்திருக்கிறார், அதன் மஞ்சளை ஈடுகட்ட அவரறியாமல் நீலத்தைக் கூட்டியிருக்கிறார் என்று விளக்கினேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவர் திரையிலிருந்த கன்னத்தை விரலால் தொட்டார்.

"டியூப்லைட் போடுங்கன்னு இருபத்திரண்டு வருஷம் சண்டை போட்டேன். மனுஷன் அசையலை." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நல்லவேளை, நான் ஜெயிக்கலை" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட, பதிப்பாளரிடம் என்ன சொல்வது என்ற பயம்.

அவரே எழுந்து என் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, பல்பைப் போட்டார். படத்தருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப எடுங்க."

கேமரா இன்னும் என் விளக்குகளின் கீழ் அட்டையைக் காட்டிப் புரியவைத்த வெள்ளையிலேயே நின்றது. நான் அதை மாற்றவில்லை. பொத்தானை அழுத்தினேன். சின்னத் திரையில் வரைந்த முகம், நரைத்த தலை, சுவர் எல்லாம் ஒரே மஞ்சள். அவர் மடியில் கிடந்த சாம்பல் அட்டையும் மஞ்சளாகத்தான் இருந்தது.