தொட்டி மேல் கேப்டன்

நாற்காலியில் ஏறி மின்விசிறியைத் துடைக்கச் சொன்னாலே ரெமிஜியஸுக்குத் தலை சுற்றும். அப்பேர்ப்பட்ட வீரனைத்தான் கல்யாண வீடியோ எடுக்கும் டிரேவர், பலூனில் உலகம் சுற்றும் கேப்டனாகத் தன் படத்தில் போட்டான். காரணம் நடிப்பு அல்ல, மீசை.

"நெஜமாவே பறக்கப் போறீங்களா?" என்று மனைவி டோரீன் கேட்டாள்.

"பின்ன? டூப்பா போடுவாங்க?" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த வாய்ச்சவடாலை நம்பி, அவர் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்று அவள் ஒன்பது வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் வரிசையில் நின்று நவநாள் ஜெபம் முடித்தாள். படப்பிடிப்பு நடந்ததோ அதே கோயிலுக்கு எதிரே, டிரேவர் வீட்டு மொட்டை மாடியில். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பிரம்புக் கூடை, அதற்குள் ரெமிஜியஸ். மலை, கடல், பலூன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வரிசையில் டோரீனின் தலை தெரிந்தால் மாவீரர் கூடைக்குள் குனிந்துகொள்வார். வெட்கமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கோயிலின் பங்கு மண்டபத்தில் படம் போட்டார்கள். டோரீன் பட்டுப்புடவை கட்டி, அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். குட்டு உடைந்தால் இனி நம் பேச்சை எதற்கும் நம்பமாட்டாளே என்று நினைத்தபடி ரெமிஜியஸ் அவள் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

திரையில் பனிமலை நகர்ந்தது. கேப்டன் வலப்பக்கம் திரும்பி, பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார். பாலைவனம் வந்தது, அங்கேயும் வலப்பக்கம், சிலுவை. நடுக்கடலில் புயல், மறுபடியும் சிலுவை. கோயில் கண்ணில் பட்டால் தானாக நெற்றிக்குப் போகும் விவேக் நகர்க் கை அது. படத்தை எடிட் செய்த டிரேவரும் இதே தெரு ஆள், அவனுக்கும் அது தப்பாகவே தெரியவில்லை.

"ஏம்ப்பா, இமயமலையிலயும் நம்ம கோயிலுக்கு பிராஞ்ச் திறந்துட்டாங்களா?" என்று பின்வரிசையிலிருந்து அதே தெரு ஆண்ட்ரூ கத்தினான். "டிரேவர் வீட்டு மாடித் தண்ணித் தொட்டிடா அது!"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. டோரீன் மட்டும் சிரிக்கவில்லை. திரையில் கூடை விளிம்பைப் பிடித்திருந்த கேப்டனின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. மீசைகூட நடுங்கியது.

"தொட்டி மேலயா ஏறுனீங்க?"

"ஆமா."

"பயமா இருந்துச்சா?"

"உயிரே போச்சு."

டோரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என் நவநாள் வீணாப் போகல," என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா பொய் சொன்னதுக்கு ஒண்ணு இருக்கு. வீட்டுல எல்லா ஃபேன்லயும் ஒட்டடை. நாளைக்கு கேப்டனே ஏறித் துடைக்கட்டும்."

ரெமிஜியஸின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.