ஹல்டாவின் வாய்

ஹல்டா எங்கள் வடக்குப் பக்கத்து மரம்வெட்டிகள் அளந்துவிட்ட கதை. முகாமின் சமையல்காரி. ஆளுயரக் கரண்டி வைத்திருப்பாள். அவள் கூப்பிட்டால் ஏழு மைலுக்குக் கேட்கும். ஒரு மார்ச் மாதம், உறைந்த ஏரியின் நடுவே முப்பது பேர் மூடுபனியில் சிக்கிக்கொண்டார்கள். அவள் கரையில் விளக்கோடு நின்று கூப்பிட்டாள். குரலைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கடைசி ஆள் கரையேறும்வரை அவள் வாயை மூடவில்லை.

இதைப் பள்ளி நூலகங்களுக்காகப் பன்னிரண்டு நிமிட கார்ட்டூனாக எடுத்தோம். எங்கள் ஸ்டுடியோவில் ஆறு பேர். முதலாளி மேவிஸ்.

கார்ட்டூனில் குரல்தான் முதலில். நடிகை கிடைக்கும்வரை எங்களில் யாராவது பேசிப் பதிவு செய்வோம். அதை வைத்து வரைவோம். பிறகு அந்தக் குரலைத் தூக்கிவிட்டு நடிகையின் குரலைச் சேர்ப்போம். ஹல்டாவுக்கு லெனா பேசினாள். வண்ணம் பூசுபவள். என் மனைவி.

"வாங்கடா கண்ணுங்களா. ஐஸ் கெட்டியாத்தான் இருக்கு. என் குரலப் புடிச்சுக்கிட்டே வாங்க."

பேசிவிட்டு, "தொண்டையே போச்சு, எவனாவது காப்பி போடுங்கடா" என்றாள். அதுவும் டேப்பில் இருக்கிறது.

ஆகஸ்டில் இறந்தாள். தலைவலி என்று படுத்தாள், அவ்வளவுதான். முப்பத்தொரு வயது.

செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை நான் அந்த வாயை வரைந்தேன். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம், ஒவ்வொன்றும் ஒரு கட்டம். எந்தக் கட்டத்தில் உதடு பிரிகிறது, எங்கே மூச்சு வாங்குகிறாள், 'கண்ணுங்களா'வை எத்தனை கட்டம் இழுக்கிறாள், எல்லாம் தாளில் குறித்தேன். எனக்கு அது மனப்பாடம்.

"எமெட், நடிகைக்கு நாள் குறிச்சிட்டேன்" என்றாள் மேவிஸ்.

"வேண்டாம். லெனா குரலே இருக்கட்டும்."

"உன் பொண்ணு பாத்தா?"

"காட்ட மாட்டேன்."

"ஆமா, நீ ஒளிச்சு வெச்ச எதை அவ கண்டுபிடிக்காம விட்டிருக்கா? கிறிஸ்துமஸ் பொம்மையை அடுப்புக்குள்ள வெச்ச ஆளுதானே நீ!" மேவிஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள். "சரி, இருக்கட்டும். ஆனா கடைசிக் காட்சில வாய் மூடலையே. வாய மூடி, விளக்க அணைச்சு, உள்ள போகணும். அது இல்லன்னா கதை முடியாதுப்பா."

"வரைஞ்சிடறேன்" என்றேன்.

வரையவில்லை. பலமுறை உட்கார்ந்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. கெடு வந்துவிட்டது. திறந்த வாயின் மேல் மூடுபனி கவிகிறாற்போல முடித்து அனுப்பிவிட்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் படத்தின் கேசட் என் மகள் சிக்னியின் பள்ளிக்கும் போயிருந்தது. அங்கேயும் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு ஆறு வயது. சனிக்கிழமை காலை, கஞ்சியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரும் வந்துட்டாங்கதானே? அப்புறம் ஏன் அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க?"

"எங்க பாத்த?"

"லைப்ரரில. மூணு தடவ. இன்னும் யாரோ வரல, இல்லப்பா?"

நான் தட்டைக் கழுவினேன். பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மதியம் மூடுபனி இறங்கியது. கொக்கியில் அவள் கோட்டு இல்லை. பின்கதவு திறந்திருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி. மீன் பிடிக்கிறவர்கள் ஐஸ்மேல் போட்டிருந்த குடிசைகளை இரண்டு வாரத்துக்கு முன்பே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐஸ் இளகிக் கறுத்திருந்தது.

சிறிய காலடித் தடங்கள் ஐஸ்மேல் உள்ளே போயின. முப்பதடி தள்ளி ஒரு சிவப்புத் தொப்பி, மங்கலாக.

"சிக்னி! திரும்பி வா!"

"சத்தம் போடாதீங்கப்பா. அம்மா கூப்பிடறது கேக்க மாட்டேங்குது."

இன்னும் இரண்டடி வைத்தாள். நான் கால் வைத்தேன். கீழே நீளமாக ஒரு விரிசல் ஓடியது. என் எடையைத் தாங்காது. குப்புறப் படுத்தேன். தண்ணீர் சட்டைக்குள் ஏறியது. அதட்டினால் ஓடுவாள். ஓடினால் உடையும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"வாங்கடா கண்ணுங்களா." லெனா இழுத்த அதே முப்பத்தாறு கட்டம் இழுத்தேன். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் வாங்கினேன். கெட்டியாத்தான் இருக்கு என்ற வரியை விட்டுவிட்டேன். "என் குரலப் புடிச்சுக்கிட்டே வாங்க."

தொப்பி நின்றது. திரும்பியது.

மறுபடி சொன்னேன். பதினோரு முறை. ஒவ்வொரு அடிக்கும் ஐஸ் முனகியது. கையெட்டும் தூரத்தில் அவள் காலுறையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

"அப்போ அம்மா?"

ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. அவள் காதை அந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

அவளையும் அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். மேவிஸ் விளக்கைப் போட்டாள். சிக்னியை மடியில் வைத்துக்கொண்டு தாளைப் பொருத்தினேன். ஹல்டாவின் மேல் உதடு. கீழ் உதடு. நடுவில் இருந்த இடைவெளியைக் கட்டம் கட்டமாகக் குறைத்தேன்.

"மூடிட்டாங்களா?" என்றாள் சிக்னி.

"இன்னும் ரெண்டு தாள்."

அவள் பென்சிலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.