எதிர்ப்பில்லாத தெரு

எரிவாயுக் குழாயை ஊருக்குள் நீட்டுவதென்று நிறுவனம் முடிவு செய்தபோது, அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கடைத்தெரு வழியாக. இன்னொன்று அதற்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைந்து போகும் சின்னத் தெரு வழியாக. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த வழி என்று தீர்மானிக்கும் முன் மக்களிடம் பேசி வர ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். தோளில் பையும் கையில் சுருட்டிய வரைபடமுமாக அவள் வீடு வீடாக ஏறி இறங்கியதால், ஊரில் அவளுக்கு டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது.

டீச்சர் காலையில் பிரார்த்தனை செய்யாமல் வாசல் தாண்டாதவள். யாரிடமும் பொய் சொல்லிப் பழகாதவள். இந்த வேலைக்கு அப்படி ஒருத்தி கிடைத்தது நிறுவனத்தின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவில் அவளை முதலில் எதிர்கொண்டவர் இரும்புச் சாமான் கடைக்காரர். அவர் குரலைக் கேட்டு ஊர் அவருக்கு வைத்த பெயர் சைரன்.

"குழாயா? உங்க மேனேஜர் கட்டிலுக்கு அடியில போடச் சொல்லு. குளிருக்கு இதமா இருக்கும்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அளவெடுக்க நட்டுவைத்த முளைக்குச்சிகள் மறுநாள் அங்கே இல்லை. கடை வாசலைக் கழுவுகிறேன் என்று ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை அவள் மேலேயே வீசினார்.

நனைந்த புடவையோடு பின் தெருவுக்குள் நுழைந்தவளை பேக்கரிக்காரர்தான் கூப்பிட்டார்.

"உள்ள வாங்க டீச்சர். அடுப்புப் பக்கமா நில்லுங்க, சட்டுனு காஞ்சிடும். பன்னே வெந்துடுது."

"மாமா, அவங்களைத் திருப்பிப் போட மறந்துடாதீங்க. ஒரு பக்கம் கருகிடப் போகுது," என்றாள் உள்ளிருந்து மருமகள்.

அந்த அடுப்பு கொல்லைப்புறத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. செங்கல் வைத்துக் கட்டி, மேலே களிமண் பூசிய விறகு அடுப்பு. பேக்கரிக்காரரின் மகன் இறந்ததும், மருமகளை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடும்படி உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளோ காரியம் முடிந்த மறுநாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் போய் நின்றாள். அன்றிலிருந்து அவர் மாவு பிசைவார், அவள் சுட்டெடுத்து விற்பாள்.

"இது எரியற வரைக்கும் நான் இந்த வீட்டு மனுஷி டீச்சர். அணைஞ்சா அண்ணன் வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போகணும்," என்றாள் சிரித்துக்கொண்டே.

"தேய்க்கப் போறாளாம். எண்ணெய்ச் சட்டியை ஊற வச்சே ஒரு வாரம் ஓட்டுவா," என்றார் மாமனார்.

அந்தத் தெரு முழுக்கவே அப்படித்தான் இருந்தது. அளவெடுக்க வந்தவர்களை வெயிலில் நிற்க விடாமல் நிழலில் உட்காரவைத்தார்கள். டீச்சரின் செருப்பு வார் அறுந்தபோது எதிர் வீட்டுக்காரர் கேட்காமலே ஊசியும் நூலுமாக வந்தார். மனிதரை மனிதர் தாங்குவதற்குப் பெரிய காரியம் எதுவும் வேண்டியதில்லை. அந்தத் தெருவுக்கு அது தெரிந்திருந்தது.

அலுவலகத்தில் மேலாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதையைத் தீர்மானிக்கும் முன் ஒவ்வொரு தெருவின் குணத்தையும் கேட்டு, சுவரிலுள்ள வரைபடத்தில் சிவப்பு ஊசியோ பச்சை ஊசியோ குத்துவார்.

"கடைத்தெருவைப் பத்திச் சொல்ல வேணாம், எனக்கே காது அடைச்சுப் போச்சு. பின் தெரு எப்படி?"

"தங்கமான ஜனங்க சார். ஒருத்தர்கூட முகம் சுளிக்கல. வீட்டு ஆளு மாதிரி நடத்தினாங்க."

"அப்படியா," என்று மேலாளர் பச்சை ஊசியை எடுத்தார்.

நல்லவர்களைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொன்னால் அவர்களுக்கு நல்லதுதான் நடக்கும் என்று டீச்சர் நம்பினாள். அந்த நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால் நல்ல குணத்தைக் கேட்டு ஊசி குத்துகிற இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. அது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை அவள் போனபோது பேக்கரியின் பின்சுவரில் மஞ்சள் கோடு இழுத்திருந்தார்கள்.

"குழாய்க்குப் பக்கத்துல நெருப்பு கூடாது டீச்சர். அடுப்பை எடுத்துடணும்," என்றார் அளவையாளர். "செங்கல்லுக்கு நஷ்ட ஈடு உண்டு."

"வேற எங்க கட்டறது? வீட்டுல இருக்கறதே இந்தக் கொல்லைதான்," என்றாள் மருமகள்.

"அது என் வேலை இல்லீங்களே."

டீச்சர் நேராக மேலாளரிடம் போனாள்.

"நல்லவங்கன்னுதான் சார் சொன்னேன். அங்க போடுங்கன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. தகராறு இல்லாத எடத்துலதானே வேலை நடக்கும். கடைத்தெருவுல மண்வெட்டி வச்சா அந்த இரும்புக் கடைக்காரன் ரோட்டுல படுத்துக்குவான்."

"அவங்க பிழைப்பே அந்த அடுப்புதான் சார்."

"கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்குல்ல? வந்து வேண்டாம்னு சொல்லட்டும். பாதிக்கப்படற வீட்டுக்காரங்களே சொல்லிட்டா, பாதையை மறுபடி பாத்துத்தான் ஆகணும், விதி அது." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நீங்க பேசி முடிச்ச தெருவுல எதிர்ப்பு வந்தா, உங்களை எதுக்கு வச்சிருக்கோம்னு மேல கேப்பாங்க. நான் காப்பாத்த முடியாது."

அவர் கெட்டவர் அல்ல. இதைச் சொல்லும்போது, வியர்த்து நின்றவள் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைத்தார்.

டீச்சர் பேக்கரிக்கு ஓடினாள். "கூட்டத்துல கத்தணும் ஐயா. மேசையைத் தட்டணும். என்னைத் திட்டினாலும் பரவாயில்ல."

"இவரா? கரண்ட் போனா லைன்மேனுக்கு என்ன கஷ்டமோன்னு கேக்கற ஆளு," என்றாள் மருமகள்.

"எங்க, இப்ப என்னைத் திட்டிக் காட்டுங்க ஐயா."

பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "நீங்க பண்றது... கொஞ்சம் சரியில்லீங்க."

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நாங்க எதிர்த்துப் பேசினா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே டீச்சர்?"

உடனே சொல்லியிருக்க வேண்டும். பொய்க்குப் பழகாத நாக்கு ஒரு கணம் தயங்கியது. "ஆகாதுங்க ஐயா," என்று அவள் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்த்து முடித்திருந்தார்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வீட்டுக்கு ஒருவர்தான் பேசலாம் என்று கூட்டத்தை நடத்த வந்த அரசு அதிகாரி ஆரம்பத்திலேயே அறிவித்தார். ஒலிவாங்கியை ஆள் ஆளாகக் கொண்டுபோய் நீட்டுவது டீச்சரின் வேலை. கடைத்தெருக்காரர்கள் முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். சைரன் எழுந்து, தங்கள் தெருவைத் தொட்டால் நடப்பதே வேறு என்றார். அவர் தெருவைத் தொடப்போவதில்லை என்று அதிகாரி பணிவாக விளக்கினார்.

பேக்கரிக்காரரின் முறை வந்தது. மருமகள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். அவர் ஒலிவாங்கியைத் தொடவில்லை. டீச்சர் பிடித்திருக்க, குனிந்து பேசினார்.

"கஷ்டந்தாங்க. ஆனா இந்த டீச்சர் வெயில் மழை பாக்காம வந்து எல்லாத்தையும் பொறுமையா சொன்னாங்க. அவங்க மேல ஒரு குறையும் இல்ல. எங்க வீட்டுல ஆட்சேபணை இல்லீங்க."

"ஐயா," என்றாள் டீச்சர். அது ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மருமகள் எழுந்து நின்றாள். "எனக்கு இருக்கு. அது என் அடுப்பு."

"வீட்டுக்கு ஒருத்தர்தாம்மா. பெரியவர் சொல்லிட்டாரே."

"சார், அவர் எனக்காகத்தான் அப்படிச் சொல்றாரு. அந்த அடுப்பு போனா இவங்க..." டீச்சர் முடிப்பதற்குள் அதிகாரி கையைத் தூக்கினார்.

"நீங்க நிறுவனத்து ஆளு. உங்க கருத்தைக் கணக்குல எடுக்க முடியாது. அடுத்தவர் கிட்ட மைக்கைக் குடுங்க."

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

அடுப்பை இடிக்க இயந்திரத்துக்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. நிறுவனம் டீச்சரைப் பாராட்டி வேலையை நிரந்தரமாக்கியது. அவள் கைகூப்பி வேண்டாமென்றாள். பணிவினால் சொல்கிறாள் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

மருமகளை வந்துவிடும்படி அவள் அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டான். அவள் கிளம்புகிற அன்று டீச்சர் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். மாமனாரும் மருமகளும் ஒரு தகரப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள்.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் ஏதாவது அளக்கணுமா?" என்றாள் மருமகள்.

"அப்படிப் பேசாதம்மா."

"பேச வேண்டிய எடத்துல நீங்க பேசல மாமா. இங்கயாவது என்னைப் பேச விடுங்க."

அவர் தலைகுனிந்தார்.

பஸ் வந்தது. நடத்துனர் அவசரப்படுத்தினார். பேக்கரிக்காரர் பெட்டியின் கைப்பிடியைப் பற்றியதும் மருமகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "விடுங்க, இடுப்பு பிடிச்சுக்கும். ராத்திரி தைலம் தேய்க்க யார் இருக்கா உங்களுக்கு?"

ஒரு பக்கம் அவள் தூக்கினாள். மறுபக்கக் கைப்பிடியை டீச்சர் பற்றினாள். மருமகள் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தை உயர்த்தினாள். இரண்டு பேருமாகப் பெட்டியைப் படியேற்றினார்கள். மன்னித்தாள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கிழவரின் இடுப்பு வலிக்கக் கூடாதென்று, பிடிக்காத கையைப் பொறுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பேக்கரிக்காரர் அது திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"வெயில்ல நிக்காதீங்க டீச்சர். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் சொன்னதில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். கொஞ்சம்கூட இல்லை.