முதல் தம்ளர்

“அந்தக் கெணத்துத் தண்ணி வேண்டாம்” என்றாள் பாலம்மாள்.

காலையிலிருந்து அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. ஏழரை மணிக்குச் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கணவர் கனகசபாபதி கட்டிலில் சாய்ந்தபோதுகூட அவள் கூப்பாடு போடவில்லை. நுழைக்காத கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு டாக்டர் வந்தார், போனார். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் சொந்தமெல்லாம் கார்களில் வந்து இறங்கியது. ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் அவருடைய பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த எழுபது பேரும், வந்த வேன்களிலேயே திரும்ப ஏறி விருதுநகர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் அழுத அழுகையைப் பார்த்துச் சொந்தக்காரர்களுக்கே கொஞ்சம் கூச்சமாகிப் போனது.

இப்போது நீர்மாலையைப் பற்றிப் பேச்சு. உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரை மகன் போய் எடுத்து, நாலு பேர் விரித்துப் பிடித்த வேட்டியின் கீழ் நடந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஊர்க் குழாயில் தண்ணீர் வர இன்னும் நாலு நாள் இருந்தது. தெருமுனைப் பொதுக்கிணறு குப்பையால் நிரம்பி வருடக்கணக்காகிறது. கொழுந்தன் நல்லசிவம் டேங்கர் லாரிக்குப் போன் போடப் போனவர், லாரித் தண்ணீரில் நீர்மாலை எடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் வெள்ளைத்தாய் வாயைத் திறந்தாள். கம்பெனியில் இருபது வருடமாகத் திரி வெட்டிக்கொண்டிருப்பவள்.

“அய்யா வெட்டுன கெணறு இருக்கப்ப வேற எங்கன போய் எடுக்கணும்?” என்றாள்.

ஒருவருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியதே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பாலம்மாள் மட்டும் வேண்டாம் என்றாள். ஏன் மதினி என்று நல்லசிவம் குனிந்து கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று அவரே முடிவு செய்துகொண்டு, குடங்களை வேனில் ஏற்றச் சொன்னார். மகன் ஹரிஷ்குமார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். வேன் கிளம்பிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அவருடைய பாட்டில் நின்றது. நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில். காலை ஏழு மணிக்கு அவள்தான் அதில் கேன் தண்ணீரை நிரப்பி, டிபன் கேரியரோடு மஞ்சள் பையில் வைப்பதற்காக எடுத்து வைத்திருந்தாள். வீடு நிறைய ஆள். ஒருவரும் அதைத் தொடவில்லை. தொட்டு ஒரு வாய் குடித்துவிட்டால் என்ன என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. குடித்தால்தான் என்ன, தண்ணீரைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றும் தோன்றியது.

கம்பெனிக்கு லைசென்ஸ் வருமுன்பே கிணறு வந்துவிட்டது. கரிசலைத் தாண்டி, பாறையை வெடி வைத்துப் பிளந்து, தொண்ணூறு அடிக்கு அவர் வெட்டிய கிணறு. கோடைதோறும் தண்ணீரை இறைத்து, தூர் எடுத்து, சுண்ணாம்பு தெளித்து, தண்ணீர் இனிக்க நெல்லிக்கட்டை போடுவார். பெண் ரோஷினியின் கல்யாண வேலைகளைக்கூடத் தம்பியிடம் விட்டவர், கிணற்று வேலையை யாரிடமும் விட்டதில்லை. ஒரு வருடம் அந்தக் கிணற்றில் வெடிமருந்துச் சாக்கு விழுந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட, வேலைக்கு வந்தவர்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அவர் இரண்டு நாள் மோட்டாரை ஓடவிட்டுக் கிணற்றை வற்றடித்தார். புதுத் தண்ணீர் ஊறியதும், எல்லோரும் பார்க்க ஒரு தம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தார். மறுநாளும் குடித்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு வேன் வந்து நின்றதும் முதலாளி முதல் தம்ளரைக் குடிப்பார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் குடத்தை நீட்டுவார்கள். அந்த ஒரு தம்ளருக்காகவே அவர்கள் வேறு கம்பெனிக்குப் போகவில்லை என்று அவர் பெருமையடித்துக்கொள்வார்.

2003 வறட்சியில் கிணறு வற்றியது. கிணற்றின் அடியிலேயே போர் இறக்கலாம் என்று யாரோ சொல்ல, முந்நூற்றைம்பது அடிக்கு இறக்கிவிட்டார். தண்ணீர் பொங்கி வந்தது. அன்று அவர் வாங்கி வந்த அல்வாவைப் பாலம்மாள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் வந்தது பழைய தண்ணீர் இல்லை. அண்டாவில் வெள்ளை படிந்தது, பருப்பு வேக மறுத்தது. அவரும் நெல்லிக்கட்டை மேல் நெல்லிக்கட்டையாகப் போட்டுப் பார்த்தார். இரண்டு வருடம் கழித்து அவருக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்த மதுரை டாக்டர், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அதை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தபோது, ஃபுளோரைடு அதிகம், குடிக்க உகந்ததல்ல என்று காகிதம் வந்தது.

அதைப் படித்தவர் நாலாக மடித்து அவளிடம் கொடுத்தார். பீரோவில் வை என்றார். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. இப்போது தண்ணீர் சரியில்லை என்று சொன்னால் ஆள் நிற்காது. சீசன் முடியட்டும், தண்ணீரைச் சுத்திகரிக்கிற மெஷினைப் போட்டுவிடுகிறேன் என்றார். மறுநாள் காலை அவள் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். வாட்ச்மேன் செம்பில் கொண்டுவந்து வைக்கும் கிணற்றுத் தண்ணீரை ஆபீஸ் அறையிலேயே விட்டுவிட்டு, பாட்டிலிலிருந்து தம்ளரில் ஊற்றிக்கொண்டு வெளியே போய்க் குடித்தார். சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் வந்து முடிந்தது. அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். அன்று அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பாட்டிலை மட்டும் ஒரு நாளும் தவறாமல் நிரப்பினாள். கெட்ட மனுஷன் இல்லை அவர். அவளும் கெட்டவள் இல்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

கொட்டுச் சத்தம் கேட்டது. தெருமுனையில் வேனை நிறுத்தி, வேட்டியின் கீழ் குடத்தோடு ஹரிஷ்குமார் நடந்து வந்தான். பின்னால் கம்பெனிப் பெண்கள் ஆளுக்கொரு குடம் சுமந்து வந்தார்கள். வீட்டுப் பக்கவாட்டில் சிமெண்டுத் தரையில் பெஞ்சைப் போட்டு அவரைக் குளிப்பாட்டினார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்த தலையில் குடம் குடமாக ஊற்றியும் பிசுக்கு போகவில்லை. இன்னும் ரெண்டு குடம் ஊத்துங்க என்றார் நல்லசிவம். வெள்ளைத்தாய் குனிந்து, தன் முந்தானையாலேயே அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

புது வேட்டி கட்டி நடுவீட்டில் கிடத்தியதும், போர்மேன் சங்கையா ஒரு துண்டைப் பிரித்தார். உள்ளே அந்த எவர்சில்வர் தம்ளர் இருந்தது. கம்பெனிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர் ஆபீஸ் அறையிலிருந்து அதையும் கையோடு எடுத்து வந்திருக்கிறார். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் மொண்டு ஹரிஷ்குமாரிடம் நீட்டினார்.

“சின்ன மொதலாளி, இனிமே மொதத் தம்ளர் நீங்கதான் குடிக்கணும். அய்யா இருக்கப்பவே ஒரு மடக்குக் குடிச்சிருங்க. எங்களுக்கும் தெம்பா இருக்கும்.”

எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கண்கலங்கித் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினான். இன்னும் அரை மணியில் அவரைத் தூக்கிவிடுவார்கள். அதுவரை பேசாமல் இருந்தால் போதும், சொன்ன சொல் தவறாத முதலாளியாக அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். பாலம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். தம்ளர் மகனின் உதட்டுக்குப் போனது.

அவள் எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதக் கீழ வைய்யா” என்றாள். பிறகு சங்கையாவைப் பார்த்தாள். “அவுக இதக் குடிக்கல. ரெண்டு வருசமாக் குடிக்கல. நாந்தான் கேன் தண்ணிய ஊத்திக் குடுத்துவிட்டேன். கெணத்துத் தண்ணி ஆகாதுன்னு வந்த காயிதம் பீரோவுல இருக்கு.”

நல்லசிவம் பதறிப்போய், பிணத்தை வைத்துக்கொண்டு இது என்ன பேச்சு மதினி என்று அடக்கப் பார்த்தார். சொல்ல வேண்டியதைத்தான் அவள் சொல்லி முடித்துவிட்டாளே. சங்கையா முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து ஒரு மறுப்பை எதிர்பார்ப்பவர் மாதிரி இருந்தது. யாரும் வையவில்லை. வைதிருந்தால் பாலம்மாளுக்கு எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

வெள்ளைத்தாய்தான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“எம் மக சொர்ணலட்சுமி வாயும் வயிறுமா அங்கனதாம்மா வேல பாத்தா. தண்ணி கசக்குதும்பா. அய்யாவே குடிக்காக, ஒனக்கென்னளா, குடின்னு நாந்தான் செம்பு செம்பா மோந்து குடுத்தேன்.”

ஹரிஷ்குமார் தம்ளரைத் தரையில் வைத்தான். கம்பெனியின் குடிதண்ணீர்க் குழாயை நாளைக்கே அடைத்துவிடும்படி சங்கையாவிடம் சொன்னான். சங்கையா தலையாட்டினார்.

ஒரு மணிக்குத் தூக்கினார்கள். வேலைக்காரர்களில் பாதிப் பேர் பாடையின் பின்னால் போனார்கள். மீதிப் பேர் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சங்கையா தோள் கொடுத்தார்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அவரைக் குளிப்பாட்டிய இடம் காயக் காய, சிமெண்டுத் தரையில் பெஞ்சுக் கால்களைச் சுற்றி வெள்ளை பூத்தது. பாலம்மாள் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோஷினி வந்து விளக்குமாறால் தேய்த்துப் பார்த்தாள். அது போகவில்லை.

பின்னால் காலடி கேட்டது. வேனுக்குப் போயிருப்பாள் என்று நினைத்த வெள்ளைத்தாய், மேசையருகே வந்து நின்றாள்.

“இதுதானா?” என்றாள்.

“இதுதான்.”

வெள்ளைத்தாய் நீல மூடியைத் திருகித் திறந்தாள். பாட்டிலை அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். உடனே விழுங்காமல் வாயிலேயே கொஞ்சநேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

“நம்ம பழைய கெணத்துத் தண்ணி இப்பிடித்தான் இருக்கும்” என்றாள் வெள்ளைத்தாய். பிறகு பாட்டிலை நீட்டினாள். “சொர்ணம் பச்ச ஒடம்புக்காரியா வீட்டுல கெடக்கா. இத நெறச்சுக் குடுங்க. நான் கொண்டு போறேன்.”

பாலம்மாள் வாங்கிக்கொண்டு போய்க் கேனைச் சாய்த்தாள். குறைந்திருந்த ஒரு மடக்கு அளவுக்குத் தண்ணீரை ஊற்றி, கழுத்துவரை நிறைத்தாள். மூடியை இறுக்கித் திருகினாள். சிந்துகிறதா என்று ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, முந்தானையால் வெளிப்புறத்தைத் துடைத்து, ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து அதில் வைத்துக் கொடுத்தாள்.