ஐந்து குட்டிகளும் அப்பாவின் பகல் தூக்கமும்

எங்கள் வீட்டில் எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். சோம்பேறிக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓசூரில் சிப்காட் பக்கம் குடியிருக்கும் குடும்பம், அவ்வளவுதான். அப்பா சுடலைமுத்துவுக்கு இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நைட் ஷிப்டு. அண்ணன் ஆனந்துக்கு வேறொரு கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்டு. அக்கா லாவண்யாவுக்கு செகண்ட் ஷிப்டு. இருப்பது ஒரே கட்டில். ஒருவர் எழுந்தால் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் படுத்துவிடுவார். அம்மாவுக்கு ஷிப்டு கிடையாது. அதாவது, முடிகிற ஷிப்டு கிடையாது. நான் பி.காம் இரண்டாம் ஆண்டு. மாணவன் என்பதால் பாய்.

இதனால் எங்களுக்குச் சத்தம் என்பதே மறந்துபோயிருந்தது. அம்மா கரண்டியைத் துணிமேல்தான் வைப்பாள். குக்கர் முதல் விசிலுக்கு மூச்சு இழுக்கும்போதே அடுப்பிலிருந்து இறங்கிவிடும். டி.வி.யில் செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்தே நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்வோம். ஒருமுறை நானும் ஆனந்தும் கட்டிப் புரண்டு சண்டை போட்டதுகூட ஒரு வார்த்தை வெளியே வராமல்தான் நடந்தது. பார்த்தவர்கள் யோகாசனம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு சனிக்கிழமை லாவண்யா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். பின்னாலேயே அவற்றின் தாய் குவாலிட்டி. எதைப் போட்டாலும் நாலு பக்கமும் மோந்து பார்த்து, பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் தின்னும் என்பதால் தெருவில் அதற்கு அந்தப் பெயர்.

எதிர்ச்சாரியில் எங்கள் வீட்டுக்காரம்மா லட்சுமியம்மாளுக்குக் கேழ்வரகு அரைக்கும் மாவு மில் இருந்தது. குவாலிட்டி அதன் பின்சுவரை ஒட்டிக் குட்டி போட்டு நாலு வாரம் ஆகியிருந்தது. அங்கே மில்லை நிறுத்திவிட்டுப் புது மெஷின் இறக்கப் போகிறார்கள், பெல்ட் ஓடுகிற இடத்தில் குட்டிகள் தவழ்கின்றன என்று தெரிந்ததும் லாவண்யா யாரையும் கேட்காமல் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இருபது நாளுப்பா. பால்குடி மறக்குற வரைக்கும்தான். அப்புறம் நானே ஆளு பாத்துக் குடுத்துருவேன்" என்றாள். அக்கா எங்கள் வீட்டில் எதுவும் கேட்டதில்லை. பிளஸ் டூ முடித்ததும் மேலே படிக்கக்கூடக் கேட்கவில்லை. அதனால் அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சரிட்டி. எம் பகல் தூக்கம் மட்டும் கெடக் கூடாது. கெட்டுச்சுன்னா முனிவேலுவோட தக்காளி வண்டியில ஏத்தி மத்தூருக்கு அனுப்பிருவேன். அங்க தோட்டந்தொரவுல ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிடுவாங்க."

அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. போன மாதம்தான் அவருக்குப் பக்கத்து பிரஸ்ஸில் நின்றவர் ஒரு நொடி கண் அசந்து இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தார். பகலில் தூங்காத ஆள் ராத்திரி பிரஸ்ஸில் நிற்கக் கூடாது. அது லாவண்யாவுக்கும் தெரியும். நாலு வாரக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து ஐந்து தோட்டத்துக்கு அனுப்பினால் எத்தனை தங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். "சரிப்பா" என்றாள்.

ஞாயிறு எல்லோருக்கும் லீவு; என் கல்லூரிக்குத் திங்களும் செவ்வாயும்கூட. குட்டிகளைக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பை ஆனந்த் எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த அறிமுகம் ஒன்றுதான்: கம்பெனியில் புது ஆள் சேர்ந்தால் நடத்தும் இண்டக்‌ஷன். பெட்டியைச் சுற்றிக் கோலமாவால் கோடு போட்டான். "கோட்டைத் தாண்டக் கூடாது" என்று குட்டிகளுக்கு விளக்கினான். ஐந்தில் மூன்று கோட்டை நக்கின. ஒன்று தாண்டிப் போய் அவன் சேஃப்டி ஷூவுக்குள் மூத்திரம் பெய்தது. ஐந்தாவது, கறுப்புக் குட்டி, உரை முடிவதற்கு முன்பே தூங்கிவிட்டது. நான் பார்த்தவரையில் அது ஒன்றுக்குத்தான் கல்லூரி செல்லும் தகுதி இருந்தது.

பிறகு ஆளுக்குப் பத்து நிமிடம், ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்து கையை மோந்து பார்க்கக் கொடுத்தோம். "எனக்கு எதுக்குலே இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்த அப்பா, இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஞாயிறு என்பதால் டி.வி. சத்தமாக ஓடியது, மிக்ஸி ஓடியது, எல்லோரும் வாய்விட்டுப் பேசினோம். குட்டிகள் தங்கக்கட்டிகளாக இருந்தன.

ஞாயிறு ராத்திரியே ஷிப்டுக்குப் போன அப்பா, திங்கட்கிழமை காலை வந்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தார். குவாலிட்டி தன் வழக்கமான ரோந்துக்குப் போனது. இனி மூன்று மணிக்குத்தான் திரும்பும். வீடு அமைதியானது. பெட்டியைச் சமையற்கட்டின் கடைசி மூலையில் வைத்து, மேலே கம்பளி போர்த்தி, கதவையும் சாத்தியிருந்தோம். இதைவிட அமைதியான இடம் ஓசூரிலேயே கிடையாது.

அரைமணி நேரத்தில் அழுகை ஆரம்பித்தது. ஐந்தும் ஒரே சுருதியில்.

பசி என்றாள் அம்மா. பால் வைத்தோம். குடித்துவிட்டு, கூடுதல் தெம்போடு அழுதன. குளிர் என்றாள் லாவண்யா. இன்னொரு கம்பளி போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்கு அப்பா எழுந்து வந்து நின்றார். அன்று ராத்திரி அவர் தூங்காத கண்ணோடு வேலைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, "நாளைக்கும் இப்படின்னா முனிவேலுக்குப் போன் போட்டுருவேம்ட்டி" என்றார்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் அமைதியை இன்னும் கடுமையாக்கினோம். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். செருப்பில்லாமல் நடந்தோம். பிறகு நடக்கவே இல்லை. ஒன்பதரைக்கு ஐந்தும் ஆரம்பித்தன.

இந்த நேரம் பார்த்து லட்சுமியம்மாள் மில்லிலிருந்து தெருவைத் தாண்டி வந்தார்.

"ஏம்மா சரஸ்வதி, வூட்ல என்னா ஆச்சு? ஒரு சத்தமும் இல்ல, குட்டிங்க மட்டும் கத்துதுங்க. எல்லாரும் ஊருக்குப் போயிட்டீங்களோன்னு பாத்தேன்."

"மெதுவாப் பேசுங்கக்கா" என்று அம்மா கும்பிட்டாள். "அதுக தூங்கட்டும்னுதான் இப்படிச் சத்தங்காட்டாம இருக்கோம்."

லட்சுமியம்மாள் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுபவர்; நாய் அவருக்குக் குக்க. "நல்லா இருக்குது கதை. கண்ணு தொறக்குறதுக்கு முன்னாடியே மில்லு சத்தத்துல வளந்த குக்கப் பிள்ளைங்கம்மா அதுங்க. கரண்ட் போயி மில்லு நின்னா போதும், அஞ்சும் சேந்து கத்தும். கரண்ட் வந்து மெஷினு ஓடுனா அப்படியே சுருண்டு படுத்துக்கும். நீங்க அதுங்கள கல்லறைல வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க!"

ஓசூருக்கு வந்து பதினோரு வருடமாகக் கற்ற வித்தையை இரண்டு நாளாகக் குட்டிகள்மேல் பிரயோகித்துக்கொண்டிருந்தோம். லாவண்யா பெட்டி முன் உட்கார்ந்து, "அதான் ஞாயித்துக்கிழம சும்மா இருந்துச்சுங்களா" என்றாள்.

நோய் தெரிந்தது. மருந்துதான் சிக்கல். சோதனைக்காக மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டேன். குட்டிகள் அடங்கின. அப்பா எழுந்தார்.

"எவம்ல அது!"

மிக்ஸியை நிறுத்தினேன். குட்டிகள் எழுந்தன. அப்பா சமையற்கட்டு வாசலில் நின்றார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "போதும். ஏலே சக்தி, முனிவேலு நம்பரைப் போடு."

லாவண்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். ஐந்து வாயும் திறந்திருந்த பெட்டி. கூடத்தைக் கடக்கும்போது, கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள்.

"இந்தாருங்க" என்றாள் அப்பாவிடம். "சத்தம் கேட்டாத்தான் அதுக தூங்குமாம். இந்த வீட்டுல பகல்ல ஓடுற மெஷினு ஒண்ணே ஒண்ணுதான். நீங்க விடுத குறட்ட. பெட்டி உங்க பக்கத்துல இருந்திருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

"அப்படியே இருக்கட்டும். இதுக கத்துனா நான் எப்படித் தூங்க? நான் தூங்காம குறட்ட எங்கிட்டு வரும்?"

நியாயமான கேள்வி. அவர் தூங்கினால்தான் அவை அடங்கும். அவை அடங்கினால்தான் அவர் தூங்குவார். என் கல்லூரியில் இதை மூன்று யூனிட்டாகப் பிரித்து நடத்தியிருப்பார்கள். லாவண்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், உனக்கு எல்லாரு மாதிரியும் செய்ய வரும்ல?"

கலைவிழா மிமிக்ரி மேடைகளில் எனக்கு ஆறுதல் பரிசுகள்தான் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தப் பாத்திரத்துக்குப் பத்தொன்பது வருட ஒத்திகை இருந்தது. கட்டிலுக்குக் கீழே, பெட்டியை ஒட்டிப் படுத்தேன். அப்பா மேலே படுத்தார். முதலில் இழுவை, ஏற்றத்தில் லாரி ஏறுவதுபோல. உச்சியில் ஒரு நிறுத்தம். பிறகு பிரஸ் இறங்குவதுபோல ஒரே அடி.

கறுப்புக் குட்டி வாயை மூடியது.

"நான் இப்படியாலே குறட்ட விடுதேன்?" என்றார் அப்பா மேலிருந்து.

"இதவிட மோசமா" என்றாள் அம்மா.

இழுவை, நிறுத்தம், அடி. இன்னும் இரண்டு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. "அந்தக் கடேசில வர்றது ரொம்ப ஓவரு" என்று அப்பா தொடங்கினார். "நான் ஒருநாளும்..." அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை. மேலே லாரி ஏற ஆரம்பித்தது. அசல் வண்டி. நான் மெல்ல மெல்லக் குறைத்து, மெஷினை அவரிடம் ஒப்படைத்தேன். பெட்டிக்குள் ஐந்து வயிறுகளும் அந்தத் தாளத்துக்கே ஏறி இறங்கின. லாவண்யா இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அப்பா ஆறு மணிக்கு எழுந்தார். முகம் இஸ்திரி போட்டதுபோல இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே பெட்டியை எட்டிப் பார்த்தார். குவாலிட்டி திரும்பி வந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"முனிவேலுக்குப் போன் போட்டியால?"

"நம்பர் தேடிக்கிட்டு இருக்கேம்ப்பா."

"வந்தாம்னா தக்காளிய மட்டும் ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லு."

டம்ளரை வைத்தவர், வாசல்வரை போய் மறுபடி திரும்பி வந்தார். ஏதோ கணக்குப் போடும் முகம்.

"ஏ சரசு, திங்கக்கிழமையில இருந்து எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு மாறுது. பகல்ல இதுகளுக்கு யாரு குறட்ட விடுவா?"

"ரெண்டரைக்கு ஆனந்து வந்துருவான்."

"அதுவரைக்கும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். காலையில் எனக்கு வகுப்பு இருக்கிறது, வருகைப்பதிவு இருக்கிறது என்றேன்.

"காலேஜுல போய்த் தூங்குறத இங்கன படுத்துத் தூங்கேன்" என்றாள் அம்மா.