மூன்றேகால் சென்டிமீட்டர் அம்மா

1

“கத்தரிக்கோல் நேரா பிடிக்க வருமா உனக்கு?”

ஆர்க்கிடெக்ட் மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது; கற்பனை வளத்திலிருந்து வரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வரும் என்று தலையாட்டினேன். வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்காது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான்.

வேலை இதுதான். ஆற்றங்கரையில் இருக்கும் பழைய விடுதியை இடித்துவிட்டு, பயணிகளுக்குப் பன்னிரண்டு மரக் குடில்களும் ஒரு பொதுக்கூடமும் கட்டப்போகிறார்கள். அதற்கு மேசை அகலத்தில் அட்டையில் ஒரு மாதிரி தயாராகிறது. மாதிரிக்குள் நிற்க, உட்கார, ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட, நாற்பது காகித மனிதர்கள் வேண்டும். ஆளுக்கு மூன்றேகால் சென்டிமீட்டர் உயரம். நான் வெட்ட வேண்டும்.

2

இப்படித் தொடங்கியிருக்கலாம்:

‘ஆறு அன்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது, அவள் மனத்தைப் போலவே—’

(அடித்துவிட்டேன். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே ஆற்றுச் சத்தத்தை விட மோட்டார் சத்தம்தான் அதிகம்.)

அல்லது:

‘அம்மா பதினோரு வருடமாக அந்த விடுதியில் சமைத்துக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் மகளோடு—’

இது உண்மை. ஆனால் படித்ததும் நீங்கள் மூக்கைச் சிந்தத் தொடங்குவீர்கள். அம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை. முதலாளியே அவளிடம் பேசும் முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

3

“புதுசா கட்டுனாலும் உனக்கில்லாத இடமா?” என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மா அதை அப்படியே நம்பினாள். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

“மேடம்கிட்ட சொல்லிடு. நமக்குக் குடில் கிடில் எல்லாம் வேணாம். ஒரு ரூம், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அவ்வளவுதான்.”

“ம்.”

“என்னமோ நிலைத்தன்மைங்கிறாங்களே, அப்படின்னா என்னடி?”

“ரொம்ப நாள் தாங்குற மாதிரி இருக்கிறது. எதையும் வீணாக்காம.”

“அதைத்தான் நாம பதினோரு வருஷமா பண்றோம். நம்மளைப் பார்த்து வரைஞ்சிருக்கலாமே அந்தம்மா.”

மாதிரியில் எங்கள் அறை இல்லை. அதை முதல் நாளே பார்த்துவிட்டேன். மழைநீர்த் தொட்டி இருந்தது. பயணிகளின் சைக்கிள்களுக்குக் கூரை இருந்தது. வௌவால்களுக்குப் பெட்டி இருந்தது.*

* ஆறு பெட்டிகள், எல்லாம் கிழக்கு பார்த்தவை. வௌவாலுக்குக் காலை வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று மேடம் இரண்டு நாள் போன் போட்டு விசாரித்தார்.

4

(இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் ‘நான்’. முதல் நாளே பார்த்தவள் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? மூன்று வாரம். கதை எழுதுகிறவர்கள் இதற்கு ‘மௌனம்’ என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. வேலை பிடித்திருந்தது. இதை நோட்டில் எழுதுவதற்குள் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தேன்.)

சொல்வதற்குப் பதிலாக நான் செய்தது இது: நாற்பத்தோராவதாக ஒருத்தியை வெட்டினேன். இடுப்பில் கை, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. பொதுச் சமையலறைக்குப் பின்னால் ஒட்டிவைத்தேன்.

மேடம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது.

“இது யாரும்மா?”

“சமைக்கிறவங்க.”

“இங்க சமைக்கிறவங்கன்னு தனியா யாரும் கிடையாதும்மா. வர்றவங்களே சேர்ந்து சமைப்பாங்க, சேர்ந்து கழுவுவாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க பழகிக்கணும்ல? இந்த இடத்தோட கருத்தே அதுதான்.”

மேடம் கெட்டவர் இல்லை. இடுக்கியால் மெதுவாகத்தான் எடுத்தார், கால் கிழியாமல். குப்பையிலும் போடவில்லை. மறுசுழற்சிப் பெட்டியில் போட்டார்.

5

கைவசம் இருக்கும் முடிவுகள்:

அ) முதலாளி மாதிரியைப் பார்க்க வரும் நாளில் அம்மா டீ கொண்டுவருகிறாள். விஷயம் புரிந்ததும் மொத்தத்தையும் மாதிரியின் மேல் கொட்டுகிறாள். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் தான் போட்ட டீயை அம்மா கொட்டமாட்டாள்.

ஆ) மேடம் மனம் மாறி ஓர் அறை வரைகிறார். (எழுதி முடித்துவிட்டு நானே சிரித்தேன்.)

இ) வெள்ளம் வந்து பன்னிரண்டு குடில்களையும் அடித்துக்கொண்டு போகிறது. எழுதுகிறவருக்குத் தைரியம் இல்லாத இடத்தில் எல்லாம் ஆற்றை அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு வேறு வேலை இல்லையா?

6

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். அம்மா டீ கொண்டுவந்தது உண்மை. எனக்கும் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி மாதிரியின் மேல் குனிந்தாள்.

“எந்தப் பக்கம்டி நம்ம ரூம்?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “இது சும்மா ஒரு ஐடியாதான்மா, இன்னும் மாறும்” என்றார் மேடம்.

“இது என்ன மேடம்?”

“வௌவாலுக்கு.”

“ஓ. அந்தப் பக்கம்?”

“சைக்கிள் நிறுத்த.”

“ஆமா, பாவம், சைக்கிளுக்கு மழை ஆகாது.”

சிரிக்கலாமா என்று முதலாளி மேடத்தைப் பார்த்தார்.

அம்மா காகித மனிதர்களிடம் வந்திருந்தாள். தோளில் பையோடு ஒருத்தி, கையில் புத்தகத்தோடு ஒருவன், குழந்தையைத் தூக்கிக் காட்டும் அப்பா.

“இதெல்லாம் நீ வெட்டுனதா? அழகா இருக்குடி.”

தலையாட்டினேன்.

“எத்தனை நாளா வெட்டுற?”

“மூணு வாரம்” என்று எனக்காக மேடம் பதில் சொன்னார். “இத்தனையும் இவ கையாலதான் ஒட்டினா. தங்கமான பொண்ணு. இந்த மாதிரியில எது எங்க இருக்குன்னு என்னை விட இவளுக்குத்தான் நல்லா தெரியும்.”

இந்த இடத்தில் ‘நான்’ பேசியாக வேண்டும். ‘அம்மா, நான் உன்னையும்—’ என்று எழுதி அடித்தேன். ‘அவங்கதான் எடுத்து—’ என்று எழுதி அதையும் அடித்தேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு வரி விடுகிறேன்.

…………………………

…………………………

அம்மா காத்திருந்தாள். யாருடைய பதிலுக்காகவும் அவள் அவ்வளவு நேரம் காத்திருந்து நான் பார்த்ததில்லை. பிறகு கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள், என்னுடையதைத் தவிர. தட்டைத் தூக்கிக்கொண்டாள். வெளியே போனாள்.