மார்லா சொல்லாத வசனம்

லோவல் ஆறு மணிக்கு எழுந்தான். காப்பி போட்டான். முந்தின நாள் சோள ரொட்டியைச் சூடுபண்ணித் தின்றான். பூனைக்குத் தீனி வைத்தான். சவரம் செய்துகொண்டான். கதவுக் கொக்கியில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிளாஸ்டிக் பை ஏழு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ஜோடி பச்சைக் காலுறை. பையை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த வண்டிச் சாவியை எடுத்தான்.

தான் வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்கெட் பண்ணைக்குப் போனான். அவன் வாசிக்கும் குழுவின் பாடகன் வெர்லன் டாக்கெட் பாட வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. டிவிக்காரர்கள் பத்து மணிக்குப் படம் பிடிக்கிறார்கள்.

வெர்லன் டாக்கெட்டின் வாழ்க்கை டென்னஸியில் குழந்தைக்கும் மனப்பாடம். சுரங்கத் தொழிலாளியின் மகன். மரக்குடிசையில் பிறந்தவன். பசியில் பாடக் கற்றவன். உண்மையில் அப்பா ஒஹையோவில் பல் டாக்டர். குடிசை கென்டக்கியில் விலைக்கு வாங்கியது. லாரியில் வந்து இறங்கியபோது கட்டைக்குக் கட்டை சாக்பீஸில் எண் போட்டிருந்தது. பதினேழையும் பதினெட்டையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டார்கள். மேதை பிறந்த வீட்டின் கதவை இன்றுவரை சாத்த முடிவதில்லை. ரசிகர்கள் அந்தக் கதவைத் தொட்டு அழுவார்கள்.

கல்யாணம் மூன்று; ஒவ்வொன்றும் முறிந்தபோது ஓர் ஆல்பம். குடியை விட்டதற்கு ஒரு பாட்டு, திரும்பத் தொட்டதற்கு ஒரு பாட்டு. ஜெயிலைப் பற்றிப் பதினொன்று. ஜெயிலுக்குள் போனது என்னவோ ஒரே ஒரு மத்தியானம், அட்டைப்படம் எடுக்க. தலைமுடி போய் இருபது வருஷம், தொண்டை போய்ப் பத்து. இரண்டுக்கும் ஆள் வைத்திருந்தான். முடிக்கு மெம்ஃபிஸிலிருந்து ஒருத்தி வருவாள். தொண்டைக்கு மார்லா.

மார்லா, லோவலின் மனைவி. பின்பாட்டுக்காரி. உச்ச ஸ்வரம் வரும்போது வெர்லன் மைக்கை வாயிலிருந்து விலக்கி வானத்தைப் பார்ப்பான். அவள் எட்டிப் பிடிப்பாள். "எழுபத்தி நாலு வயசுல என்னா குரல்!" என்று சனம் கைதட்டும்.

மார்ச் மாதம் முப்பத்தோரு வயதில் மார்லா செத்துப்போனாள். வெர்லன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பழக்கூடை வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தவள் மானேஜர் டாட்டி. அடக்கத்துக்கு வெர்லன் வெள்ளைக் கோட்டில் வந்தான். திரும்பிப் போகும்போது கையோடு ஒரு வசனம் கொண்டுபோனான். பாட்டின் நடுவே வாத்தியம் அடங்கியதும் பேசும் வசனம். கூட்டம் அழுவது அங்கேதான். 'அவ படுக்கை ஓரமா ஒக்காந்திருந்தேன். என் கையப் புடிச்சா. வெர்லன், நீங்க பாடுங்க, நான் மேலேருந்து கூடப் பாடுறேன்னா.'

ஏழு மாதமாக இதற்கு லோவல்தான் வாசித்தான். "ஸ்டீல அழ விடு" என்று வெர்லன் சொன்னால் அழ விட்டான். கை வேலை செய்தது. அதற்குமேல் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கேட்டார்கள்.

"வா, காலேஜ்," என்றான் வெர்லன். லோவல் பட்டம் வாங்கியவன் என்பதை அவன் ஒருநாளும் மன்னித்ததில்லை. "இன்னிக்கி அந்த வசனத்த நீ பேசு."

"நானா?"

"நான் பேசினா அழுறாங்க. புருஷன் பேசினா கதறுவாங்க."

"அவ அப்படிச் சொல்லல சார்."

"சொன்னான்னு யாருடா சொன்னா? நான்கூடத்தான் அந்தக் குடிசைல பொறக்கல. எவனாச்சும் டிக்கெட்டத் திருப்பிக் குடுத்தானா?"

டாட்டி வெர்லனின் விக்கின் ஓரத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "நாலே வரி, கண்ணு. குடிசை வாசல்ல கருங்கல்லுல வெட்டப் போறோம். மார்லா பேரோட. கல்லு ஆர்டர் குடுத்தாச்சு."

"கல்லுலயா?"

"பின்ன? ஊரு ஒலகத்துக்கு அவ கடைசி வார்த்தை இனிமே இதானே."

லோவல் போய் ஸ்டீலின் முன் உட்கார்ந்தான். போன வாரம் பல் தேய்க்கும்போது மார்லாவின் குரல் காதில் கேட்டது. அது வெர்லனின் வசனத்தைச் சொன்னது. பிரஷை வாயில் வைத்தபடி வெகுநேரம் நின்றான். நிஜத்தில் அவள் சொன்னதைத் தேடி எடுக்க அன்று மத்தியானம் ஆகிவிட்டது. கல்லிலும் ஏறிவிட்டால் தேடினாலும் கிடைக்காது.

குடிசைக்கு எதிரே முந்நூறு பேர் மடக்கு நாற்காலிகளில் இருந்தார்கள். இரண்டாம் சரணம் முடிந்தது. வெர்லன் கையைத் தூக்கினான், வாத்தியம் அடங்கியது. ஈரமில்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இவன் அவ புருஷன்," என்றான். "அவ கடைசியா என்ன சொன்னான்னு இவன் வாயாலயே கேளுங்க."

மைக்கை நீட்டினான். எதிரே திரையில் நாலு வரி பெரிய எழுத்தில் ஓடியது. லோவல் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். கடைசி நாதமும் நின்றது.

"இவர் பேர அவ எடுக்கவே இல்ல," என்றான்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து.

"எழுத்தப் பாருடா, காலேஜ்," என்றான் வெர்லன், பல் டாக்டர் மகனின் பல்வரிசை பிரியாமல்.

லோவல் பார்க்கவில்லை.

"கால் ஜில்லுனு இருக்குன்னா. 'சாக்ஸ் எடுத்துட்டு வா. நீலம். பச்சை இல்ல, நீலம். நீ பச்சையத்தான் தூக்கிட்டு வருவ, எனக்குத் தெரியும்.'"